நீலம் ஏறாத செல்

மாணவன் என்று சொல்லிக்கொள்கிற வயதைத் தில்லைநாயகம் எப்போதோ கடந்துவிட்டார். கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்த மனிதர், தலை பாதி நரைத்த பிறகு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டார். அவருக்கு நெறியாளராக வாய்த்த மெஹருன்னிசா அவரைவிட வயதில் இளையவர். இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை சார் என்பார். இதில் யார் குரு, யார் சீடர் என்று தெரியாமல் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கொஞ்ச நேரம் விழிப்பார்கள்.

மெஹருன்னிசா அதிகம் பேசமாட்டார். நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டுப் பழகியதில் வார்த்தையும் சொட்டுக் கணக்காகிவிட்டது என்று மாணவர்கள் கிண்டலடிப்பார்கள். தும்மலில் மட்டும் அவரிடம் சிக்கனம் கிடையாது. பூப்பொடி டப்பாவை யாராவது திறந்தால் போதும், தும்மித் தீர்த்துவிடுவார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வார்.

தில்லைநாயகம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது வாகைப் பூ. வளாகத்துச் சாலையோரம் நின்ற வாகை மரங்கள் சித்திரை பிறந்ததும் பூத்துக் கொட்டின. அந்தப் பஞ்சுப் பூக்களை விடியற்காலையில் பொறுக்கி, நிழலில் உலர்த்தி, பொடியாக்கி, எத்தனாலில் ஊறவைத்து வடித்தார். குப்பியில் சேர்ந்த சாறு பழைய புளிக்கரைசல் நிறத்தில் இருந்தது.

அந்தச் சாற்றிடம் அவர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இரும்பைத் துரு அரிப்பதுபோல உடம்பை உள்ளிருந்து அரிக்கிற சங்கதிகளை அது தடுக்குமா? தும்மலும் தடிப்பும் அரிப்புமாக வருகிற ஒவ்வாமையை அது அடக்குமா?

முதல் கேள்விக்குப் பதில் சுலபமாகவே கிடைத்தது. அதற்கென்று ஓர் ஊதா நிறக் கரைசல் இருக்கிறது. அதில் சாற்றை விட்டால், சாற்றுக்குச் சக்தி இருக்கிற அளவுக்கு ஊதா வெளுத்து மஞ்சளாகும். வாகைப் பூச்சாறு பட்டதும் வெளுத்தது. இன்னும் கொஞ்சம் விட்டார், இன்னும் வெளுத்தது. கூடக்கூட விட்டார், ஊதா இருந்த இடமே தெரியவில்லை. தில்லைநாயகத்துக்கு அந்தக் குழாய்களைப் பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது.

இரண்டாவது கேள்விக்குக் குழாய் போதாது, உயிருள்ள செல் வேண்டும். ஒவ்வாமைக்குக் காரணமான செல்கள் ஒவ்வொன்றும் மடியில் மிளகாய்ப்பொடி முடிச்சு ஒன்றைக் கட்டி வைத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காதது வந்து சீண்டினால் முடிச்சை அவிழ்த்துக் கொட்டிவிடும். அதைத்தான் நாம் தும்மல் என்கிறோம், அரிப்பு என்கிறோம். குழிக் குழியாக இருக்கும் தட்டில் அந்தச் செல்களை வளர்த்து, முதல் நாள் சாற்றைக் கொடுத்து, மறுநாள் கழுவிவிட்டுச் சீண்டிப் பார்க்க வேண்டும். முடிச்சு அவிழ்ந்தால் குழியிலிருக்கும் நீர், சோதனை மருந்து பட்டு மஞ்சளாகும். அவிழாவிட்டால் நிறம் வராது.

இந்த அடங்குகிற விஷயத்தில் தில்லைநாயகத்துக்குச் சொந்த அனுபவம் உண்டு. ஒரு காலத்தில் அவர் தொட்டால் வெடிக்கிற ஆள். சாம்பாரில் உப்பு கூடினால் தட்டு பறக்கும். வகுப்பில் ஒருவன் கொட்டாவி விட்டால் அன்றைக்கு மொத்த வகுப்புக்கும் அர்ச்சனை நடக்கும். ரத்த அழுத்தம் ஏறிக்கிடப்பதாக டாக்டர் எச்சரித்த பிறகு, மூச்சுப் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்தார். எதைச் செய்தாலும் அளவுக்கு மேலேயே செய்கிற சுபாவம் அவருக்கு. பயிற்சியையும் அப்படித்தான் செய்தார். கோபம் போயிற்று. கொஞ்ச நாளில் கோபத்தோடு சேர்ந்து மற்றதெல்லாமும் போயிற்று. அதை அவர் பெரிய பேறாக நினைத்தார்.

அவர் மனைவி வடிவு அப்படி நினைக்கவில்லை. வடிவுக்கு ஒரே அண்ணன், சங்கரலிங்கம். கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடை வைத்திருந்தார். தில்லைநாயகத்தைக் கண்டால் அவருக்குத் தலைகால் புரியாது. அங்கிருந்து இவர் ஊர் திரும்புகிற ஒவ்வொரு முறையும், பஸ் புறப்பட்ட பிறகு எங்கிருந்தோ ஓடிவந்து ஜன்னல் வழியாக மிட்டாய்ப் பொட்டலத்தை மடியில் எறிவார். வீட்டிலேயே கொடுத்தால் என்ன என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சங்கரலிங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

சாவு வீட்டில் தில்லைநாயகம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழுதுகொண்டிருந்த வடிவிடம் எல்லாம் போகத்தானே வந்தது என்று சொன்னார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்கப்புறம் அவரோடு ஊர் திரும்பவில்லை, அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு முதல் நாள் காலையில் அவளிடமிருந்து போன் வந்தது. நாளைக்கு வருவீர்களா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார்.

“வந்து கல்லு மாதிரி உக்காரப் போறீங்கன்னா வரவேண்டாம்,” என்றாள் வடிவு. “நானும் அங்க வரல. நீங்க தட்டைத் தூக்கி எறிஞ்ச காலமே நல்லா இருந்துச்சு. வீட்டுல ஒரு ஆள் இருக்காருன்னு தெரிஞ்சுச்சு.”

உன் விருப்பம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு அவர் ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பினார். வழியில் மனசைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒன்றுமே இல்லை. துடைத்துவிட்ட கரும்பலகை போலிருந்தது. மனைவி பிரிந்துபோகப் போகிறாள் என்பது யாரோ ஒருவர் வீட்டுச் செய்திபோல அவருக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

அன்றைக்குத்தான் செல்களைச் சீண்டிப் பார்க்கிற நாள். சாறு கொடுக்காமல் விட்ட செல்கள் அடர்ந்த மஞ்சளைக் கொட்டியிருந்தன. சாறு கொடுத்த வரிசைகளில் ஒரு துளி மஞ்சள் இல்லை. கடைசி வரிசையில் மட்டும் வெளிறிய மஞ்சள் தெரிந்தது. அங்கே அவர் மிகக் குறைவாகச் சாறு விட்டிருந்தார். தட்டின் மூடியில் அந்த வரிசைக்கு நேரே மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி போட்டார். பிறகு தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மெஹருன்னிசாவின் அறைக்குப் போனார். எதற்கும் அசையாத மனிதருக்கு அன்று நடையில் ஒரு துள்ளல் இருந்தது. வாகைப் பூவை எடுத்தவர் வாகை சூடிவிட்ட மிதப்பு அது.

“முழுசா அடங்கிருச்சு மேடம்,” என்றார்.

மெஹருன்னிசா தட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

“முழுசாவா?”

“நூத்துக்கு நூறு. கடைசி வரிசை மட்டும் தோத்துருச்சு. அதைக் கணக்குல சேர்க்கல.”

மெஹருன்னிசா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சும்மா இருந்தால் எதிரில் இருப்பவருக்குப் பேச்சு வந்துவிடும். தில்லைநாயகம் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கோபக்காரராக இருந்தது, மூச்சுப் பயிற்சி, மாறிப்போனது எல்லாவற்றையும் சொன்னார். மைத்துனர் சாவையும் மனைவியின் போனையும்கூட, ஏதோ சோதனை முடிவை வாசிப்பதுபோலச் சொன்னார்.

“இந்தச் செல்லும் நானும் ஒண்ணு மேடம்,” என்று முடித்தார். “தொட்டா வெடிக்கிற ஆளு நான். இப்ப யாரு என்ன சொன்னாலும் உள்ள எந்த முடிச்சும் அவுழறதில்ல. எது வந்தாலும் வரட்டும்னு விட்டுடறேன். எதிர்ப்பே கிடையாது.”

“நாளைக்கு விசேஷத்துக்குப் போறீங்களா?”

“அவ வேண்டாம்னுட்டா. நாளைக்கு வளர்ப்புல இருக்கிற செல்லுக்கு வேற சாப்பாடு மாத்தணும்.”

“வருத்தமா இல்லையா சார்?”

“இல்ல மேடம்,” என்றார் தில்லைநாயகம். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

பிறகு கேட்க வந்ததைக் கேட்டார். சாறு அடக்குகிறது என்பது கண்ணால் பார்த்த விஷயம். எப்படி அடக்குகிறது என்று ஆய்வேட்டில் எழுத வேண்டுமே, அதற்கு என்ன எழுதுவது? இவ்வளவு சீண்டியும் ஒரு செல்கூட முடிச்சை அவிழ்க்காமல் இருப்பதென்றால், உள்ளே என்னதான் நடந்திருக்கும்?

மெஹருன்னிசா எழுந்துபோய்க் குளிர்பெட்டியைத் திறந்தார். கையளவு குப்பி ஒன்றை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். அதில் ஆழ்ந்த நீலத்தில் ஒரு சாயம் இருந்தது.

“இதை ஒரு சொட்டு விட்டுப் பாருங்க.”

தில்லைநாயகம் செடிகொடிகளோடு காலம் தள்ளியவர். செல் வளர்க்கிற வேலை அவருக்குப் புதிது. அந்தச் சாயத்தை இதுவரை அவர் தொட்டதில்லை. இது எதற்கு என்று கேட்டார்.

“உயிரோட இருக்கிற செல் இந்த நீலத்தை உள்ள விடாது சார். தடுத்து நிறுத்திரும். செத்ததுதான் எது வந்தாலும் வரட்டும்னு விட்டுடும்.”

தில்லைநாயகம் தட்டையும் குப்பியையும் எடுத்துக்கொண்டு நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தார். சாறு கொடுத்த முதல் வரிசையில் ஒரு குழியில் சாயத்தை விட்டார். கொஞ்சம் பொறுத்துக் கண்ணை வைத்துப் பார்த்தார். நீலமாக இருந்தது. குவியத்தைத் திருகிச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்த்தார். நாவல்பழம் தின்ற நாக்குபோல ஒவ்வொரு செல்லும் நீலம் பாரித்துக் கிடந்தது. தட்டை நகர்த்தி ஓரத்தைப் பார்த்தார், அங்கேயும் நீலம். அடுத்த வரிசைக்குப் போனார், அதற்கும் அடுத்த வரிசைக்குப் போனார். அங்கேயும் அதே கதைதான்.

ஒன்றுகூட அடங்கியிருக்கவில்லை. எல்லாம் செத்திருந்தன. நேற்றே செத்துப்போனவற்றைத்தான் அவர் இன்று காலையில் சீண்டிச் சீண்டிப் பார்த்து, அசையவில்லை என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்.

மெஹருன்னிசா பின்னால் வந்து நின்றது அவருக்குத் தெரிந்தது. திரும்பாமலே பேசினார்.

“குழாயில விட்ட அதே அளவுதான் மேடம் விட்டேன். அங்க நல்லாத்தானே வேலை செஞ்சுது.”

“எவ்வளவு விட்டாலும் குழாய் சாகாது சார்.”

தில்லைநாயகம் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார். அவர் காதில் வடிவின் குரல் கேட்டது. தட்டு பறந்த காலத்தில்தான் வீட்டில் ஓர் ஆள் இருப்பது தெரிந்தது என்று அவள் சொன்னது காலையில் வெறும் சத்தமாகத்தான் இருந்தது. இப்போது அது எங்கேயோ போய்க் குத்தியது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்குப் பயமாக இருந்தது. பயம் என்பது இப்படித்தான் இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

மெஹருன்னிசா குனிந்து தட்டின் மூடியைப் பார்த்தார். பெருக்கல் குறி போட்ட கடைசி வரிசையை விரலால் தொட்டுக் காட்டினார். அதிலும் சாயத்தை விடச் சொன்னார்.

அது தோற்ற வரிசை, அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அவர் முணுமுணுத்தார். ஆனாலும் விட்டார். கண்ணை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. சுற்றிலும் நீலம் நிற்க, நடுவில் செல்கள் அரிக்கன் விளக்குக் கண்ணாடிபோலப் பளிச்சென்று இருந்தன. அங்கொன்றும் இங்கொன்றும் நீலம் பாரித்திருந்தது, அவ்வளவுதான். மற்றவை நீலத்தை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தன.

“உயிரோட இருக்கு மேடம்.”

“ம்.”

“ஆனா இது கொட்டிருச்சே. சும்மா விட்ட செல்லு கொட்டினதுல பாதியாவது இருக்கும்.”

“பாதிதானே,” என்றார் மெஹருன்னிசா.

அவர் நீலக் குப்பியை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தார். யாரோ பூப்பொடி டப்பாவைத் திறந்துவிட்டுச் சரியாக மூடாமல் போயிருக்க வேண்டும். அடுக்கடுக்காகத் தும்மினார். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, கைக்குட்டையைத் தேடிக்கொண்டே பேசினார்.

“நாளைக்குச் செல்லுக்குச் சாப்பாடு நான் மாத்திக்கிறேன் சார்.”

தில்லைநாயகம் மறுநாள் விடிவதற்கு முன்னால் கோவில்பட்டி பஸ்ஸில் இருந்தார்.

அங்கே நடந்ததை அவர் திங்கட்கிழமை வந்து சொன்னார். முகம் செத்துப்போயிருந்தது. கையில் அடுக்குத் தூக்குச்சட்டி ஒன்று இருந்தது. இத்தனை நாளும் கேண்டீன் தயிர்சாதத்தில் காலம் தள்ளிக்கொண்டிருந்தவர் அவர். மெஹருன்னிசா தூக்குச்சட்டியைப் பார்த்தார். உட்காரச் சொன்னார்.

விசேஷ வீட்டில் மதியம் வரைக்கும் தில்லைநாயகம் சரியாகத்தான் இருந்தாராம். வழக்கம்போல மூச்சைக் கவனித்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். வடிவு சமையல்கட்டுக்கும் கூடத்துக்குமாகப் போய்வந்தாள், அவரைப் பார்க்கவேயில்லை. சாப்பாடு முடிந்தது. கூட்டம் கலைய ஆரம்பித்தது. வடிவிடம் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நின்றவர் நின்றுகொண்டே இருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது, கால் நகரவில்லை. எதற்காக நிற்கிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை. தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்புறம்தான் மேடம் தெரிஞ்சுது, நான் பொட்டலத்துக்காக நிக்கிறேன்னு.”

அந்த நேரம் பார்த்து, வடிவின் பெரியப்பா முறையில் ஒருவர் தோளில் கை வைத்தார். எல்லாம் போகத்தானே வந்தது என்றார். அவ்வளவுதான். வாயை மூடும் மாமா என்று தில்லைநாயகம் போட்ட சத்தத்தில், உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூட வெளியே வந்துவிட்டார்கள். போனவர் யார், எப்பேர்ப்பட்ட ஆள், ஓடி ஓடி வந்து மடியில் எறிவாரே என்று கத்தினார். கத்திக்கொண்டே இருந்தவர் வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். கட்டிய வேட்டியின் நுனி நனைந்துபோகிற அளவுக்கு அழுதார். கடைசியில் யாரோ ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தால் வடிவு நின்றிருந்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

சொல்லி முடித்துவிட்டுத் தில்லைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

“எத்தனை வருஷப் பயிற்சி மேடம். எல்லாம் ஒரு நிமிஷத்துல போச்சு. ஊரே பாத்துச்சு. நான் தோத்துட்டேன்.”

“முன்னாடி கோபம் வந்தா எப்படி இருப்பீங்க?”

“முன்னாடின்னா அந்தப் பெரியவர்கிட்ட வருஷக்கணக்கா பேச்சு இருந்திருக்காது. இலை பறந்திருக்கும். நாலு பேரு வந்து என்னைப் பிடிச்சிருக்கணும்.”

“இப்ப?”

“தண்ணி குடிச்சதும் இறங்கிருச்சு. போய் அவரு கையப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டேன். அவரும் அழுதுட்டாரு.”

மெஹருன்னிசா மேஜைமேல் கிடந்த தட்டு மூடியை எடுத்தார். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் கடைசி வரிசைக்கு நேரே இருந்த பெருக்கல் குறியைத் துடைக்க ஆரம்பித்தார். மார்க்கர் மை லேசில் போகவில்லை, அழுத்தித் துடைக்க வேண்டியிருந்தது. துடைத்து முடித்ததும் மூடியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“இந்த வரிசையையும் தோத்துருச்சுன்னுதான் சொன்னீங்க சார்.”